குழந்தைகளின் உடல் சமநிலையும் ஓடியாடும் விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமநிலை உணர்வு காதில் இருக்கிறது என்கிறார்கள். அது உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. உட்செவியில், ஒலியைக் கேட்பதற்கான நத்தைச் சுருளை ஒட்டினாற்போல், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் அமைந்துள்ளன. தலை திரும்புவதைக் குழல்கள் உணர்கின்றன. பைகளுக்குள் பசை போன்ற ஒரு படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன. அவற்றின் எடை அழுந்தும் திசையைக் கொண்டு தலை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, உடல் மேலே எழுகிறதா முன்னே நகர்கிறதா என்பது மூளைக்குத் தெரியவருகிறது.

ஆனால் காது மட்டும் போதாது. கண் தரும் செய்தியும், தசை, மூட்டு, பாதத் தோல் ஆகியவை தரும் செய்தியும் அதனுடன் சேர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொட முடிவது இந்தத் தசை-மூட்டு உணர்வால்தான். மூன்று இடங்களிலிருந்து வரும் செய்திகளையும் மூளைத்தண்டும் சிறுமூளையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டு, எந்தத் தசையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன.

குழந்தை பிறக்கும்போதே உட்செவியின் இந்த உறுப்பு ஏறத்தாழப் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. மூன்று செய்திகளையும் இணைத்துப் பயன்படுத்தும் திறமைதான் வளர வேண்டும், அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிறு குழந்தைகள் கண்ணையே பெரிதும் நம்புகிறார்கள் என்பதை டேவிட் லீ, எரிக் ஆரன்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1974-இல் அழகாகக் காட்டினார்கள். சுவர்கள் மட்டும் நகரும்படி அமைத்த ஓர் அறையில், நிற்கப் பழகிய குழந்தைகளை நிறுத்திவிட்டு, தரையை அசைக்காமல் சுவரை மட்டும் நகர்த்தியபோது, குழந்தைகள் தள்ளாடினார்கள், பலர் விழுந்தும்விட்டார்கள். காலும் காதும் “நீ அசையவில்லை” என்று சொன்னாலும், கண் சொன்னதையே அவர்களின் மூளை ஏற்றுக்கொண்டது. ஒற்றைக்காலில் நன்றாக நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் உடனே காலை ஊன்றிவிடுவதற்கும் இதுவே காரணம்.

தட்டாமாலை சுற்றினால் தலை ஏன் கிறுகிறுக்கிறது? அது கெடுதலா?

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துச் சட்டென்று திருப்பினால், செம்பு திரும்பிவிடும், தண்ணீர் சற்றுப் பின்தங்கியே திரும்பும். செம்பை நிறுத்தினாலும் தண்ணீர் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைவட்டக் குழல்களில் உள்ள திரவமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சுற்றத் தொடங்கும்போது திரவம் பின்தங்கி, குழலின் அடியில் உள்ள மெல்லிய மடலை வளைக்கிறது, மடலில் உள்ள மயிரணுக்கள் அதைச் செய்தியாக அனுப்புகின்றன. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவம் குழலின் வேகத்தைப் பிடித்துவிடுவதால், சுற்றும் உணர்வு மங்கிவிடுகிறது. நின்றவுடன் திரவம் ஓடிக்கொண்டிருப்பதால் மடல் எதிர்ப்பக்கம் வளைகிறது. உலகமே நம்மைச் சுற்றுவதுபோல் தோன்றுகிறது, கண்களும் ஒரு பக்கமாகத் துடிக்கின்றன. இந்த உறுப்பின் இயக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே ராபர்ட் பாரனி என்ற வியன்னா மருத்துவருக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தச் செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

உடல்நலமுள்ள குழந்தைக்குத் தானே விரும்பிச் சுற்றுவதால் கெடுதல் இல்லை. கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு இருவர் சுற்றும் தட்டாமாலையில், பின்னுக்குச் சாயும் எடையை எதிரில் இருப்பவரின் பிடி தாங்குகிறது. பிடியை எவ்வளவு இறுக்குவது, காலை எவ்வளவு வேகமாக எடுத்துவைப்பது என்று இருவரும் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பயிற்சிதான். சுற்றும் வேகமும் நிறுத்தும் உரிமையும் குழந்தையிடம் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ அன்றைக்குப் போதும். பெரியவர்கள் நாற்காலியில் உட்காரவைத்து, “இன்னும் இன்னும்” என்று சுழற்றிவிடுவதில் பயனைவிடத் தொல்லையே அதிகம். சிமென்ட் தரையைத் தவிர்த்து, மண்ணிலோ புல்லிலோ சுற்றுவது நல்லது.

குழந்தைக்குச் சமநிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, தானே வருமா?

பாடம்போல் கற்றுக்கொடுக்க முடியாது. சும்மா இருந்தாலும் வராது. குழந்தை தானே அசைய வேண்டும், அசைந்ததன் விளைவைத் தானே உணர வேண்டும். இதைக் காட்டிய புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. ரிச்சர்டு ஹெல்டு, ஆலன் ஹைன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சுழல் கருவியில் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடந்தது. மற்றொன்று சிறு தொட்டியில் உட்கார்ந்தபடி, முதல் குட்டியின் நடையால் சுற்றிவந்தது. இரண்டும் கண்ட காட்சிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நடந்த குட்டிக்குத்தான் தூரத்தை அளந்து பாதம் வைக்கவும் பள்ளத்தைக் கண்டு விலகவும் தெரிந்தது. சுமந்துசெல்லப்பட்ட குட்டிக்கு, தானாக நடமாட விடப்படும் வரை, அவை வரவில்லை.

பூனையிலிருந்து குழந்தைக்கு அப்படியே தாவிவிடக்கூடாதுதான். ஆயினும் குழந்தைகளைக் கவனித்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் சுட்டுகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தங்கள் விருப்பப்படி விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். மணிக்குப் பதினேழு முறை! “விழுந்துவிடுவானே” என்று இடுப்பிலேயே வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பதினேழும் நிகழ்வதில்லை, இரண்டாயிரத்துச் சொச்சமும் நிகழ்வதில்லை.

அடால்ஃபின் ஆய்வுகளில் கவனிக்கத்தக்க இன்னொன்று: தவழும்போது சரிவின் ஆபத்தை நன்றாக மதிப்பிடக் கற்ற குழந்தை, நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் இறங்கி விழுகிறது. தவழும் உடலுக்குக் கிடைத்த அனுபவம் நடக்கும் உடலுக்கு உதவுவதில்லை. அந்த நிலையிலேயே புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தக் கட்டத்தையும் அவசரப்படுத்தித் தாண்டவைப்பதில் இலாபம் இல்லை.

முதல் ஆண்டில் என்ன விளையாட்டு இருக்க முடியும்?

தரைதான் விளையாட்டு. விழித்திருக்கும்போது குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதால் கழுத்தும் முதுகும் தோளும் புவியீர்ப்பை எதிர்த்து நிமிரப் பழகுகின்றன. இன்னும் நகரத் தொடங்காத குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மொத்தம் குறைந்தது 30 நிமிடம், சிறு சிறு பகுதிகளாக, இவ்வாறு கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. தூங்கவைப்பது எப்போதும் மல்லாந்துதான். குப்புறப் படுப்பது விழித்திருக்கும்போதும் யாராவது அருகில் இருக்கும்போதும் மட்டுமே. முதலில் அழும் குழந்தையைத் தாயோ தந்தையோ தம் மார்பின்மேல் போட்டுக்கொள்ளலாம்; முகத்தைப் பார்ப்பதற்காகவே அது தலையைத் தூக்கும்.

பிள்ளைத்தமிழ் நூல்கள் ஐந்தாம் மாதத்துக்கு வைத்த செங்கீரைப் பருவத்தில், குழந்தை இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலை நிமிர்ந்து அசைவதைப் பாடுவார்கள். இன்றைய இயன்முறை மருத்துவர் ஒருவர் அந்த வயதில் தேடிப் பார்ப்பதும் கையூன்றித் தலை நிமிர்வதைத்தான்.

தூளியில் ஆட்டுவது குழந்தையை அமைதிப்படுத்தும். மெல்லிய, சீரான அசைவு உட்செவி வழியே தூக்கத்தைத் தூண்டுவது உண்மை. ஆனால் தூளித் துணி உடலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் அதற்குள் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. விழித்திருக்கும் நேரம் தரைக்கு உரியது. குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியில் தனியே விடுவதும் பாதுகாப்பானதன்று.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். இருக்கையில் உட்காரவைத்துக் காலால் உந்தித் தள்ளும் வாக்கரில், உடல் எடையை இருக்கை தாங்குவதால் குழந்தைக்குச் சமநிலையைக் காக்கும் வேலையே இல்லை; நடை சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமும் இல்லை. படிக்கட்டில் உருண்டுவிழுதல், அடுப்பையோ சுடுநீரையோ எட்டிவிடுதல் ஆகிய விபத்துகள் காரணமாகக் கனடா 2004-இல் இவற்றின் விற்பனையையே தடைசெய்தது.

நம்முடைய மர நடைவண்டியின் அமைப்பு வேறு. குழந்தை நின்றுகொண்டு, கைப்பிடியைப் பற்றி, தன் எடையைத் தன் காலிலேயே தாங்கித் தள்ள வேண்டும். வண்டி முன்னே ஓடினால் தானும் எட்டுவைக்க வேண்டும், தவறினால் பொத்தென்று உட்கார வேண்டும். பிடித்து எழுந்து நிற்கும் குழந்தைக்கு அது பொருத்தமான பொருள். மொழுமொழுப்பான டைல்ஸ் தரையில் அது வேகமாக ஓடிவிடும் என்பதால் தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் இருப்பது அவசியம்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்?

இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உடல்நலமுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவோர் இந்த இடைவெளியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நடைக்குப் போய்விட்டார்கள். தவழாத குழந்தைக்குப் பிற்காலத்தில் படிப்பு வராது என்று சிலர் அச்சுறுத்துவது அடிப்படையற்றது.

அதன்பின் தோராயமாக, இரண்டரை வயதுக்குள் இரு கால்களையும் ஒன்றாகத் தூக்கிக் குதிப்பதும், மூன்று வயதில் கணப்பொழுது ஒற்றைக்காலில் நிற்பதும், நான்கைந்து வயதில் நொண்டி அடிப்பதும் வரும்.

நம் ஊர் விளையாட்டுகளில் எது எதற்குப் பயன்படும்?

விளையாடுவோர் எவரும் இதை நினைத்து விளையாடுவதில்லை, நினைக்கவும் வேண்டாம். பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துவைத்திருந்தால், எந்தக் குழந்தைக்கு எதைத் தொடங்கிவைக்கலாம் என்று தேர்ந்துகொள்ள முடியும்.

பாண்டியை எடுத்துக்கொள்வோம். கோட்டில் படாமல் சில்லை எறிய வேண்டும், சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டி நொண்ட வேண்டும், திரும்பி வரும்போது ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். அந்தக் கடைசிச் செயலைப் பாருங்கள்: தலை கீழே போவதால் உட்செவியின் செய்தி மாறுகிறது, கண் தொடுவானத்தை விட்டுத் தரைக்கு வருகிறது, எடை முன்னே சரிவதை ஒரே கணுக்கால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கூடத்தில் திட்டமிட்டு அமைக்கும் பயிற்சி ஒன்றை ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் ஓட்டுச்சில்லும் கொடுத்துவிடுகின்றன. கட்டங்கள் படிப்படியாகக் கடினமாவதால், தோற்ற இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும் ஏற்பாடும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒருவர் நொண்டியடித்து மற்றவர்களைத் தொடும் நொண்டி விளையாட்டில் திசையைத் திடீர் திடீரென மாற்ற வேண்டியிருக்கும். பாண்டியில் இல்லாத கடினம் அது. பச்சைக்குதிரையில் குனிந்து நிற்பவரின் உயரம் சுற்றுக்குச் சுற்று கூடுவதால், ஓடிவரும் வேகத்தையும் கை ஊன்றும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். குனிந்து நிற்பவருக்கும் எதிர்பாராத எடையைத் தாங்கி நிற்கும் பயிற்சி. கண்ணைத் துணியால் கட்டி ஆடும் கண்ணாமூச்சியின் பயன் தனித்தன்மையானது: குழந்தை பெரிதும் நம்பியிருக்கும் கண்ணை விலக்கிவிட்டு, காதையும் பாதத்தையும் நம்பி நடக்கவைக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவின் கரண்டி எலுமிச்சை ஓட்டத்தில் உடல் ஓடும்போதும் தலை அசையாமல், பார்வை பழத்தின்மேல் நிலைத்திருக்க வேண்டும். தலை அசையும்போது கண்ணை நிலைநிறுத்துவது உட்செவிக்கும் கண் தசைகளுக்கும் இடையேயான இணைப்பின் வேலை.

கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், மரக்கிளையில் தொங்குதல், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவருதல், சப்பாத்தி மாவு பிசைதல் ஆகியவை தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தமான செய்தியைக் கொடுக்கின்றன. துள்ளிக்கொண்டே இருக்கும் சில குழந்தைகள் இப்படிப்பட்ட கனமான வேலைக்குப் பின் அமைதியாவதைப் பல பெற்றோர் கவனித்திருப்பார்கள். மணலும் களிமண்ணும் தண்ணீரும் தொடுவுணர்வுக்கு. டயர் ஓட்டுதல், பம்பரம், கிட்டிப்புள் பற்றியும் இதேபோல் பக்கம் பக்கமாக எழுதலாம். கிட்டிப்புள்ளில் மட்டும் பார்வையாளர்களின் கண்ணுக்கு ஆபத்து உண்டு என்பதால் தள்ளி நிற்கவைக்க வேண்டும்.

குட்டிக்கரணம் நல்ல விளையாட்டு. ஆனால் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அவர்களைக் கரணம் போடவைக்கக்கூடாது.

ஊஞ்சல், சறுக்குமரம், ட்ராம்போலின்: எவற்றில் கவனம் தேவை?

ஊஞ்சல் முன்னும் பின்னும் போகும் நேர்க்கோட்டு அசைவைத் தருவதால், சுற்றுவதைத் தாங்காத குழந்தைகளுக்கும் ஏற்றது. தானே காலை நீட்டி மடக்கி ஆடக் கற்பது ஐந்து வயதை ஒட்டி வரும். பிறர் தள்ளிவிடுவதைவிட அதில் கிடைக்கும் பயிற்சி அதிகம்.

சேலையைக் கட்டி ஆடும் ஊஞ்சலைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் அதில் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிரிழந்த செய்திகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தம்பி தங்கைக்குக் கட்டிய தூளியாக இருந்தாலும், குழந்தை அதில் இல்லாத நேரத்தில் அவிழ்த்து, அல்லது எட்டாதபடி மேலே முடிந்துவைக்க வேண்டும். பலகையும் சங்கிலியும் உள்ள ஊஞ்சலே பாதுகாப்பு.

சறுக்குமரத்தில் சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குழந்தையின் பாதம் ஓரத்தில் சிக்கிக்கொண்டால், பெரியவரின் எடையும் வேகமும் சேர்ந்து அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முறித்துவிடுகின்றன. தனியே சறுக்கினால் காலோடு குழந்தையும் நின்றிருக்கும். தனியே சறுக்க இன்னும் தயாராகாத குழந்தை காத்திருக்கலாம். தகரச் சறுக்குமரத்தைச் சித்திரை வெயிலில் கையால் தொட்டுப் பார்த்தபிறகே குழந்தையை ஏற்றுங்கள்.

ட்ராம்போலினில் பெரும்பாலான காயங்கள் ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்கின்றன, அவர்களில் எடை குறைந்த குழந்தைக்கே அதிகம் அடிபடுகிறது. ஒருவர்பின் ஒருவராகக் குதிக்க ஏற்பாடு இல்லாத இடத்தில் தவிர்ப்பது நல்லது.

வெறுங்காலில் விளையாட விடலாமா?

இடம் சுத்தமாக இருந்தால் விடலாம், விட வேண்டும் என்றே சொல்வேன். பாதத்தின் அடித்தோல் தரையின் சாய்வையும் சொரசொரப்பையும் நேரடியாக உணர்கிறது, விரல்கள் பற்றுகின்றன. கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து ராவ், ஜோசப் ஆகிய எலும்பியல் மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், செருப்போ ஷூவோ அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் அது மிகுதி. இது பாதத்தின் வளைவைப் பற்றிய ஆய்வே தவிரச் சமநிலையை அளந்த ஆய்வு அல்ல. ஆனாலும் பாதம் வேலைசெய்து வளர்கிறது என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே கிடைத்த சான்று.

முள், கண்ணாடித் துண்டு, கொதிக்கும் தார்ச்சாலை, கொக்கிப்புழு ஆகியவை உண்மையான ஆபத்துகள். திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களுக்கு அருகே வெறுங்கால் கூடாது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மைதானம் இல்லை. என்ன செய்வது?

தரையில் ஒட்டிய வண்ண டேப் ஒன்று போதும்: அதன்மேல் குதிகாலும் விரலும் தொட நடப்பது, பின்னோக்கி நடப்பது, கையில் தண்ணீர் டம்ளருடன் நடப்பது. பாயைச் சுருட்டித் தாண்டலாம். தலையணைகளைப் பரப்பி, தரையில் கால் படாமல் அறையைக் கடக்கலாம்; “கல்லா மண்ணா” விளையாட்டின் வீட்டுப் பதிப்பு அது. லிஃப்டை விட்டுப் படியேறுவதும், கடையிலிருந்து ஒரு கிலோ பருப்பைக் குழந்தையே சுமந்துவருவதும் கணக்கில் சேரும்.

ஆனால் வீட்டுக்குள் ஓட்டம் நடக்காது. குடியிருப்பின் கார் நிறுத்தும் தளத்தில் மாலையில் ஒரு மணி நேரம் வண்டிகளை ஒதுக்கி நிறுத்திக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுக்கச் சங்கத்தில் பேசிப் பார்க்கலாம். “சத்தம் போடாதே, செடியை மிதிக்காதே” என்ற அறிவிப்புப் பலகைகள் உள்ள பூங்காக்களைவிட அது பயன்படும். மொட்டை மாடியைப் பொறுத்தவரை, கைப்பிடிச் சுவர் குழந்தையின் மார்புக்கு மேல் இருந்தாலும், ஏறி நிற்க உதவும் தொட்டியோ குழாயோ அருகில் இருந்தால் அது பாதுகாப்பு அல்ல.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது: ஒன்று, இரண்டு வயதில் நாள் முழுவதும் பரவலாக மொத்தம் 180 நிமிடம் ஏதேனும் உடல் அசைவு, மூன்று, நான்கு வயதில் அதே 180 நிமிடத்தில் 60 நிமிடமாவது மூச்சுவாங்கும் விளையாட்டு, ஐந்து முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிட மூச்சுவாங்கும் விளையாட்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக்கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பள்ளி வேனில் போகும் நேரத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுக்கிறாள். சமநிலை உறுப்பில் குறையா?

பெரும்பாலும் இல்லை. மடியில் உள்ள புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கும் கண் “அசையவில்லை” என்கிறது, உட்செவி “வளைந்து வளைந்து போகிறோம்” என்கிறது. அந்த முரண்பாடே குமட்டலாகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் மிகுதி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவர்களே தாக்குப்பிடிப்பதில்லை. முன்பகுதியில் உட்காரவைத்து, தொலைவில் உள்ள மலையையோ சாலையையோ பார்க்கச் சொல்லுங்கள், காற்று வரட்டும், புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

மண்ணைத் தொட மறுக்கிறான், ஊஞ்சலைக் கண்டால் அலறுகிறான். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம். புலன்களின் கூர்மை குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகிறது. சட்டைக் காலரின் லேபிள், நகம் வெட்டுதல், எண்ணெய்க் குளியல், பிரஷர் குக்கரின் விசில் ஆகியவை சிலருக்கு உண்மையாகவே தாங்கமுடியாதவை. அது அடம் அல்ல. மண்ணைத் தொடாத குழந்தையிடம் முதலில் கரண்டியைக் கொடுங்கள், பிறகு உலர்ந்த அரிசி, பிறகு உலர்ந்த மணல், ஈரமண் கடைசியில். ஊஞ்சலுக்கு அஞ்சுபவனுக்குக் கால் தரையில் படும்படி தாழ்ந்த ஊஞ்சல் வேண்டும். காலை எடுப்பதும் ஊன்றுவதும் அவன் விருப்பம். மற்றக் குழந்தைகள் முன்னிலையில் “பயந்தாங்கொள்ளி” என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு ஊஞ்சலைவிட அந்தச் சொல்லுக்கே அதிகம் அஞ்சுவான்.

இந்த வெறுப்புகள் உண்பது, உடுத்துவது, பள்ளிக்குப் போவது ஆகியவற்றையே தடுக்கும் அளவுக்குப் போனாலோ, பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் தாமதம் சேர்ந்து தெரிந்தாலோ, குழந்தைநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

‘சென்சரி’ பொம்மைகள், சிகிச்சைகள், மூளைப் பயிற்சி வகுப்புகள் இவற்றால் படிப்பு மேம்படுமா?

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் ஏர்ஸ் என்பவர், மூளை புலன் செய்திகளை ஒருங்கிணைப்பதில் ஏற்படும் சிக்கல் கற்றலைப் பாதிக்கிறது என்ற கோட்பாட்டை 1972-இல் நூலாக வெளியிட்டார். ஊஞ்சல், சாய்தளம், பெரிய பந்து எனச் சிகிச்சைக்கூடங்களில் இன்று காணும் பலவும் அவர் வழி வந்தவை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாடு என்பதைத் தனி நோயாகக் குறிப்பிடுவதைத் தவிர்க்குமாறும், இச்சிகிச்சை ஒரு முழுமையான திட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றாலும் அதன் பயனுக்கான சான்று குறைவு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்குமாறும் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அதே நேரத்தில், 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன்களின் மிகுதியான அல்லது குறைவான எதிர்வினையை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. சிக்கல் இருப்பது உண்மை. அதற்குத் தரப்படும் எல்லாச் சிகிச்சையும் நிரூபிக்கப்பட்டதல்ல.

ஆகவே சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியது: மூன்று மாதத்தில் குழந்தையின் அன்றாட வாழ்வில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள், அதை எப்படி அளப்பீர்கள்? “தானாகப் படியிறங்குவான்”, “முடிவெட்ட உட்காருவான்” என்பவை நல்ல பதில்கள். “மூளை சுறுசுறுப்பாகும்” என்பது பதில் அல்ல. தோப்புக்கரணத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: காதைப் பிடித்து உட்கார்ந்தெழுவது தொடைக்கும் முழங்காலுக்கும் சமநிலைக்கும் நல்ல பயிற்சி, ஆனால் அது மூளையின் இரு பாதிகளையும் இணைத்து மதிப்பெண்ணை உயர்த்தும் என்று கட்டணம் வாங்குவோரின் கூற்று நிரூபிக்கப்படவில்லை. விலையுயர்ந்த பொம்மைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு லாரி ஆற்றுமணல் கிடைக்காது என்றாலும், தெருக் குழந்தைகள் அனைவருக்கும் ஸ்கிப்பிங் கயிறு கிடைக்கும்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்?

பதினெட்டு மாதம் நிறைந்தும் தனியே நடக்காதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது. எப்போதும் கால் விரல்களிலேயே நடப்பது. தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கையால் பற்றிப் பற்றி மேலே ஏறுவது. செய்துகொண்டிருந்ததைச் செய்யமுடியாமல் பின்வாங்குவது. இவற்றில் எதையும் “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று தள்ளிப்போடக்கூடாது. நன்றாக நடந்த குழந்தை திடீரெனக் குடித்தவன்போல் தள்ளாடினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சின்னம்மை போன்ற தொற்றுக்குப்பின் சிறுமூளை பாதிக்கப்பட்டும் இப்படி நேரலாம். தலையில் அடிபட்டபின் தொடர் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு ஆகியவை கண்டால் நொடியும் தாமதிக்க வேண்டாம்.

அடிக்கடி விழும் குழந்தைக்குக் கண்ணையும் காதையும் பரிசோதிப்பது முதல் வேலை. நடுச்செவியில் நீர் தேங்கினாலே சமநிலை தடுமாறும். பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகளில் பலருக்கு உட்செவியின் சமநிலைப் பகுதியும் பாதிக்கப்பட்டிருப்பதால் நடை தாமதமாகலாம். அவர்களும் கண்ணையும் தசை உணர்வையும் கொண்டு நன்றாக ஓடியாடக் கற்கிறார்கள். ஆனால் இருட்டிலும் தண்ணீருக்கு அடியிலும் மேல் எது கீழ் எது என்பது அவர்களுக்குக் குழம்பிவிடக்கூடும். கிணற்றிலோ குளத்திலோ நீந்தும்போது கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு அதிகச் செலவு செய்ய வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட அளவிலான தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புகின்றன. அங்கே குழந்தைநல மருத்துவருடன் இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி ஆகியவையும் கிடைக்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கு மதிப்பீடும் பயிற்சியும் தரப்படுகின்றன. போகும்போது குழந்தை நடப்பதையும், தரையிலிருந்து எழுவதையும், படி ஏறுவதையும் கைபேசியில் சிறு காணொலிகளாக எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் மிரண்டு மடியைவிட்டு இறங்காத குழந்தையைப் பற்றி மருத்துவர் அவற்றிலிருந்து பெருமளவு அறிந்துகொள்வார்.